அப்பாவின் கல்லீரலில் கட்டி: பட்டி நாயை என்ன செய்வது?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு, நாய்களின் பெயரைக்கூட மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

கணவரோடும் 5 வயது மகளோடும் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். 62 வயதாகும் அப்பா கிராமத்தில் செம்மறி ஆடு வளர்க்கிறார். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அப்பாவின் கல்லீரலில் 7 சென்டிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. "இது நாயின் நாடாப்புழுவால் வருவது" என்று மருத்துவர் சொல்ல, அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது. பட்டிக்குக் காவல் கிடக்கும் 3 வயது நாய் செவலையை எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்கிறார் தம்பி. ஆடுகளையே விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. முன்னெச்சரிக்கை என்று வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. மகள் தாத்தாவின் தட்டில்தான் சாப்பிடுவாள், அவளுக்குத் தொற்றியிருக்குமோ என்று தூக்கம் வரவில்லை என்கிறார். நகரத்தில் அவர் வளர்க்கும் நாய் மணி மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை. அது வீட்டுக்குள்ளேயே வளர்வது, தெருவில் வாய் வைக்காதது, வாரம் மூன்று நாள் பச்சை ஆட்டு நுரையீரல் சாப்பிடுவது. ஆனால் போன மாதம் அதன் வாலுக்கடியில் அரிசி போல ஏதோ நெளிந்ததாம், அதில் மட்டும் ஒரு சின்னப் பயம். விடுமுறைக்கு மணியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது வழக்கம், இந்த முறை போகலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் செவலையைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. மணிக்குப் போடும் நுரையீரலைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். கால்நடை மருத்துவன் என்ற முறையில் என் கண் போய் நின்றது அந்த ஒரு வரியில்தான்.

அதற்கு வருவதற்கு முன், அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான், நான் இல்லை. ஆனால் பதற்றத்தில் ஓடி உடனே வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். ஹைடாடிட் கட்டி எனப்படும் இந்தக் கட்டிகளை, அல்ட்ராசவுண்டில் அவை எப்படித் தெரிகின்றன என்பதை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உயிரோடு வளர்கிற கட்டி, தளர்ந்துகொண்டிருக்கிற கட்டி, செத்துச் சுண்ணாம்பேறிய கட்டி என்று நிலைக்கு நிலை வைத்தியம் மாறும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை, சிலவற்றுக்கு ஊசி வழியே நீரை எடுத்து மருந்து செலுத்துவது, சிலவற்றுக்கு அறுவை. சிலவற்றை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். இதில் பழக்கமில்லாத ஒருவர் "என்னவென்று பார்க்கலாமே" என்று ஊசி குத்துவதுதான் ஆபத்து. உள்ளே இருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், வயிற்றுக்குள் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். இந்த நோயைப் பார்த்துப் பழகியவரிடம் காட்டுங்கள். போதும், இனி என் பக்கத்து விஷயம்.

செவலையா காரணம்?

அனேகமாக இல்லை. இந்தக் கட்டி மெதுவாக வளர்வது. சிலருக்கு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சிலருக்குச் சில சென்டிமீட்டர். 10, 20 ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் உள்ளேயே இருந்துவிட்டு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வெளிப்படுவது மிகச் சாதாரணம். உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் அதுதான். செவலைக்கு வயது 3. அப்பா சிறுவனாக இருந்தபோது கட்டிக்கொண்டு விளையாடிய ஏதோ ஒரு நாய், அல்லது அந்த நாய் நடந்துபோன மண் காரணமாக இருந்திருக்கலாம். இன்று அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிடுங்கள் என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. நாயிலிருந்து ஆட்டுக்கும் ஆட்டிலிருந்து நாய்க்கும் புழு போய்வருகிற அன்றைய சுற்று இன்றும் அதே பட்டியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

படிக்கிற காலத்தில் எங்கள் ஆசிரியர் அறுத்த ஆட்டின் ஈரல் ஒன்றை மேசை மேல் வைத்தார். பளபளப்பான அந்த ஈரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஒரு புடைப்பு. கத்தி நுனியால் கீறியதும் தெளிந்த நீர் பீய்ச்சியது. அதைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் பொடி மணல் போல ஏதோ மெல்லப் படிந்தது. "மணல் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு புழுவின் தலை" என்றார். நான் அன்று சாப்பிடவில்லை.

பச்சை ஈரலோடு அந்த மணல் நாயின் வயிற்றுக்குள் போனால், ஒவ்வொரு தலையும் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு ஆறேழு வாரத்தில் முழுப் புழுவாகிவிடும். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது அதன் பெயர். நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இது 3 முதல் 6 மில்லிமீட்டர்தான், மூன்று நான்கு கணுக்களோடு முடிந்துவிடும். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அப்போதும் நாய் நன்றாகத் தின்னும், ஓடும், வாலாட்டும். இளைக்காது, இருமாது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள தொல்லையே.

மலத்தோடு முட்டைகள் வெளியே வரும், வந்த நிமிடமே தொற்றக்கூடிய நிலையில். தலைமுடியின் தடிமனில் பாதிதான் இருக்கும். மழைநீர் இழுத்துப்போகும், ஈயின் காலில் ஒட்டும், நாயின் ரோமத்திலேயே தங்கும். சுள்ளென்ற வெயிலும் வறட்சியும் அவற்றைச் சீக்கிரம் கொன்றுவிடும். நிழலும் ஈரமுமாக இருக்கிற தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தப் புல்லை மேயும் ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ முட்டை மறுபடி கட்டியாகிறது. ஆட்டில் மணலோடு கூடிய முற்றிய கட்டி உருவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதனால் இளங்குட்டியின் ஈரலைவிட, ஈற்று ஓய்ந்து கழிக்கிற கிழ ஆட்டின் ஈரல்தான் நாய்க்கு ஆபத்தானது. பட்டிகளில் வழக்கமாக அறுபடுவதும் அந்தக் கிழ ஆடுதான். அறுக்கும்போது, கட்டி இருக்கிறது, இது ஆகாது என்று நாய்க்குத் தூக்கிப் போடுவதும் அதன் ஈரலைத்தான். கத்தி தீட்டும் சத்தம் கேட்டாலே செவலை எழுந்து உட்காருகிறதா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். எழுந்து உட்கார்ந்தால் உங்கள் பட்டியிலும் இதுதான் நடக்கிறது.

மனிதர்கள் இந்தச் சுற்றில் வழிப்போக்கர்கள். தவறி முட்டையை விழுங்கினால், ஆட்டுக்கு வருவது போலவே நமக்கும் கட்டி வரும். அங்கேயே கதை முடிந்துவிடும். நம்மிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது.

ஆகவே மகள் தாத்தாவின் தட்டில் தாராளமாகச் சாப்பிடட்டும். எச்சில், இருமல், முத்தம் எதிலும் இது பரவாது. கறி சாப்பிட்டதால் வந்ததோ என்று அப்பா ஆடுகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஆட்டின் கட்டி நம் வயிற்றுக்குள் போனால்கூட இந்த நோய் வராது. வருவது நாயின் மலத்தில் உள்ள முட்டையால் மட்டும்தான். ஆடுகளை விற்பதால் மட்டும் உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு கூடிவிடாது.

நகரத்து நாய் சுத்தமா?

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்கப் போகிறேன். "கிராமத்து நாய்க்குத்தான் இதெல்லாம் வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். புழு ஊரைப் பார்த்து வருவதில்லை. ஈரலும் நுரையீரலும் எங்கே பச்சையாக நாயின் வாய்க்குப் போகிறதோ அங்கே வரும். கிராமத்தில் அது பட்டியில் நடக்கிறது, செத்த ஆட்டை மேட்டில் வீசுகிற இடத்தில் நடக்கிறது. காட்டை ஒட்டிய பகுதிகளில் ஓநாயும் நரியும் அந்த வேலையைச் செய்யும். ஆஸ்திரேலியாவில் டிங்கோ நாய்களும் கங்காரு இனத்து விலங்குகளும் ஆட்டுப்பட்டியே இல்லாமல் தங்களுக்குள் இதே சுற்றை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. நகரத்தில் வழி வேறு. ஆடு வெளியிலிருந்து வருகிறது, கட்டியும் அதற்குள்ளேயே வருகிறது. அறுக்கும் இடத்தில் கழிவு சரியாக மூடப்படவில்லை என்றால் பின்பக்கம் காத்திருக்கும் தெருநாய்களுக்கு அன்றாடம் விருந்து. அந்த நாய்கள் பூங்காவிலும், குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடத்திலும்தான் மலம் கழிக்கும்.

இந்தப் புழுவுக்கு எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்று ஒரு பங்காளி உண்டு. அது மனிதருக்கு இன்னும் மோசமானது. ஆட்டுக்குப் பதில் வயல் எலி வகைகளையும், நாய்க்குப் பதில் பெரும்பாலும் நரியையும் பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவில் நரிகள் நகரங்களுக்குள் குடியேறியபோது கூடவே அதுவும் வந்துவிட்டது. சூரிக் நகரில் நரிகளுக்குப் புழு மருந்து வைத்த இரையைப் போட்டுப் பரவலைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுத்தத்துக்குப் பெயர்போன ஊரின் கதை இது.

சரி, மணிக்கு வருவோம். தெருவில் வாய் வைக்காத நாய்க்கு நீங்களே கையால் பச்சை நுரையீரலைக் கொடுக்கிறீர்கள். கல்லீரலுக்கு அடுத்தபடியாக இந்தக் கட்டி அதிகம் இருக்கும் உறுப்பு நுரையீரல். இறைச்சி ஆய்வாளர் பார்த்து, கட்டி உள்ளவற்றைக் கழித்த பிறகு விற்பனைக்கு வந்ததாக இருந்தால் ஆபத்து குறைவு. ஆனால் உள்ளே ஆழத்தில் உள்ள சிறு கட்டி மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. உங்கள் இரண்டு நாய்களில் எதை முதலில் கவனிப்பாய் என்று கேட்டால் நான் மணியைத்தான் சொல்வேன். அது உங்கள் மகளின் கட்டிலில் தூங்குகிறது.

நுரையீரலை நிறுத்த மனமில்லை என்றால் சிறு துண்டுகளாக்கி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வையுங்கள். அல்லது மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் உறைய வையுங்கள். கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகள் அதில் செத்துவிடும். வெளியே விழுந்த முட்டைகள் மட்டும் அப்படியில்லை. வீட்டு உறைவிப்பானுக்கோ தரை துடைக்கும் கிருமிநாசினிக்கோ அவை அசையாது. அதனால் கை கழுவுவதை விட வேறு நல்ல வழி இல்லை. சோப்பு முட்டையைக் கொல்லாது, கையிலிருந்து இறக்கிவிடும், அது போதும்.

அப்புறம் அந்த "அரிசி". அதைப் பார்த்துத்தான் மணிக்கும் வந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். எக்கினோகாக்கஸின் கணுவை அப்படிக் கண்ணால் பார்க்க முடியாது. வாலுக்கடியில் அரிசியோ வெள்ளரி விதையோ போல நெளிவது பெரும்பாலும் டிபிலிடியம் என்ற வேறொரு நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. நாய் தன்னைக் கடிக்கும் தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்கும்போது உள்ளே போகிறது. இதற்கு மாத்திரையோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அரிசி திரும்ப வரும்.

செவலையைக் கொண்டுபோய் விட்டால்?

அதன் குடலில் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தொலைவில் விட்டால் புழுவையும் சேர்த்து இன்னொருவர் வாசலில் விடுகிறீர்கள். ஆட்டுப்பட்டிக்குக் காவல் வேண்டும், ஆறு மாதத்தில் அப்பா வேறு குட்டி வாங்குவார். அதற்கும் அதே ஈரல்தான் விழும். குட்டி நாய்களிடம் புழு இன்னும் அதிகமாகவே தங்கும். வீட்டை விட்டுப் போக வேண்டியது அந்த ஈரல், செவலை இல்லை.

மாத்திரை விஷயத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

• மனிதர்களுக்கு: தம்பி கொடுத்த ஒற்றை மாத்திரை கெடுதல் செய்திருக்காது, ஆனால் இந்தக் கட்டியை அது தடுக்கவும் செய்யாது, கரைக்கவும் செய்யாது. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பட்டியோடு பழகிய அம்மா, தம்பி, நீங்கள், மகள் எல்லோருக்கும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒருமுறை எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு இல்லாத, வலியில்லாத சோதனை அது. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. கட்டி இருந்தும் இல்லை என்று காட்டுவதுண்டு.

• நாய்களுக்கு: பூச்சி மாத்திரை என்று எழுதியிருப்பது எல்லாம் இதற்கு ஆகாது. அட்டையைத் திருப்பி பிராசிகுவாண்டல் என்ற மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பைரான்டெல் மட்டும் இருந்தால் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான் கேட்கும். அளவு, நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். குத்துமதிப்பாகக் கொடுக்காமல் எடை போட்டு, உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

• எத்தனை நாளைக்கு ஒருமுறை: புழு முட்டையிட ஆறு வாரமாவது ஆகும் என்பதால், பட்டி நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கு. இந்த மருந்து உடம்பில் தங்கிக் காவல் காக்காது. இன்று மாத்திரை, நாளை பச்சை ஈரல் என்றால் நாளையிலிருந்து புதுக்கணக்கு.

• கொடுத்த பிறகு: மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. செத்த புழுக்களோடு உயிருள்ள முட்டைகளும் வெளியே வரும். மூன்று நான்கு நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தைக் கையுறையோடு எடுத்து எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

"முதலில் மலப் பரிசோதனை செய்துவிட்டு மருந்து கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண நுண்ணோக்கியில் இதன் முட்டையும் நாயின் மற்ற சில நாடாப்புழு முட்டைகளும் ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்லும் சோதனைகள் உண்டு, எல்லா ஆய்வகத்திலும் செய்யமாட்டார்கள். பட்டியில் நோய் இருப்பது தெரிந்த பிறகு முடிவுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. நேரே மருந்து கொடுத்துவிடுவதே மேல்.

பட்டியில் மாற்ற வேண்டியது ஒன்றுதான் என்று சொல்லலாம். அறுக்கும் நாளில் நாயைக் கட்டுங்கள். கழிக்கும் ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது வேகவைத்த பிறகு போடுங்கள். செத்த ஆட்டையும் அப்படியே. காய்கறிப் பாத்திக்கு வேலி கட்டி நாயை வெளியே நிறுத்துங்கள், பச்சையாகச் சாப்பிடும் இலைகளை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். ஆடுகளுக்கு இஜி95 என்ற தடுப்பூசியும் இருக்கிறது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால் நல்ல பாதுகாப்பு தரும். ஆனால் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. உங்கள் பகுதியில் உண்டா என்று விசாரியுங்கள்.

"இவ்வளவுதானா?" என்று அப்பா கேட்பார். ஐஸ்லாந்தின் கதையைச் சொல்லுங்கள். 1863இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க்காரர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது. அன்று பிராசிகுவாண்டலும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. நோய் எப்படி வருகிறது என்று எளிமையாக எழுதிச் சிறு புத்தகமாக வீடுவீடாகக் கொடுத்தார்கள். நாய்க்கு ஈரல் போடாதே, கட்டியைப் புதை, எரி என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டங்கள் வந்தன, ஆடு அறுப்பது முறையான கூடங்களுக்கு மாறியது, இன்று அங்கே அந்த நோய் இல்லை. நியூசிலாந்து 1959இல் தனிச் சட்டமே போட்டது. அங்கே நாய்களுக்குப் பேதி கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பேதி மருந்தான அரெகோலின் நம் பாக்கில் இருக்கும் அதே பொருள்தான். (அதற்காக நாய்க்குப் பாக்கு கொடுத்துவிடாதீர்கள். அது நஞ்சுபோல வேலை செய்யும்.) 2002இல் நோய் நீங்கியதாக அறிவித்தார்கள். ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் தீவுகள் என்பதால் வெளியிலிருந்து நாய் வருவதைத் தடுக்க முடிந்தது, உங்கள் அப்பாவின் பட்டிக்கு அந்த வசதி இல்லை. பக்கத்துப் பட்டிக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன். அவருடைய நாய் உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வரத்தானே செய்யும்.

கடைசியாக, விடுமுறைக்கு மணியைக் கூட்டிப்போவது பற்றி. கூட்டிப்போங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மணிக்கு நகரத்திலும் செவலைக்கு ஊரிலுமாக ஒரே நாளில் மாத்திரை கொடுத்துவிடுங்கள். அங்கே ஆடு அறுத்தால் அன்று இரண்டும் கட்டிய கயிற்றிலேயே இருக்கட்டும். திரும்பிய பிறகு நான்காவது வாரத்தில் மணிக்கு இன்னொரு மாத்திரை. அங்கே எதையாவது தின்றுவிட்டு வந்திருந்தாலும் முட்டையிடும் வயதுக்கு முன்பே புழு போய்விடும். நாட்காட்டியில் இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் வாங்குவதை அதற்குள் நிறுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.